பல் பிடுங்கிய பாம்பு

கொசுவைப் பற்றி வேடிக்கையாக எழுதுவது மிகவும் சுலபம். பத்திரிகைக்காரர் அவசரமாகக் கட்டுரை கேட்டு, கைவசம் விஷயம் ஒன்றும் இல்லாத சமயங்களில் நானே இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். கொசுவின் சங்கீத ஞானம், கொசுவலையில் இருக்கும் ஒரே ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் அதற்குள்ள சாமர்த்தியம், நடுநிசியில் நம் கன்னத்தில் நாமே அறைந்துகொள்ளும் அழகு - இந்த மூன்றையும் கொஞ்சம் இழுத்து எழுதினால் இரண்டு பக்கம் வந்துவிடும். வாசகர்களும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

அப்படி எழுதிய ஒரு கட்டுரையை என் சித்தி படித்தாள். படித்து முடித்துப் பத்திரிகையை மடித்து அலமாரியின் மேல் வைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் அவள் மகன் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் கொசுவைப் பற்றி வேடிக்கையாக எழுதியது கிடையாது. இன்று எழுதப் போவதும் வேடிக்கை அல்ல.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஓர் ஏரி, ஏரிக்குக் கீழே கண்ணுக்கு எட்டும் மட்டும் நெல் வயல். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். நட்ட பயிர் பச்சைப் பிடிக்கும். வரப்பில் நண்டு ஓடும். மடையானும் உண்ணிக்கொக்கும் வந்து இறங்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

1991-ம் வருஷத்து ஐப்பசியில் எனக்கு வயது பதினொன்று. சித்தி மகனுக்கு எட்டு. அவன் என் வால். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். பள்ளிக்கூடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அந்த நாட்களில் மாலை நேரமானால் நாங்கள் இருவரும் வரப்பில் நண்டு பிடிக்கப் போவோம். இருட்டும் வரை வீடு திரும்ப மாட்டோம். அழைத்துக்கொண்டு போனவன் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குத் தலைவலி என்றார்கள். இரவில் நல்ல ஜுரம். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சித்தி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் ஜுரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. கழுத்து மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டது. சித்தப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை வரை ஓடினார். லாரி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கிடந்தான். டாக்டர் நல்லவர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஜப்பான் மூளைக் காய்ச்சல். கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. வலிப்பு வராமலும் மூச்சு நிற்காமலும் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் அவன் உடம்பின் கையில் இருக்கிறது" என்றார். இன்றைக்கும் அந்த வார்த்தை மாறவில்லை. அந்தக் கிருமியை அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

இந்தப் பேரைக் கேட்டு எங்கள் தாத்தாதான் முதலில் வாய் திறந்தார். 1942-ம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியானபோது, மூட்டை முடிச்சுடன் ஊருக்கு ஓடிவந்தவர் அவர். "அன்னிக்கு வர்றேன் வர்றேன்னு வராமப் போனவன், நம்ம வீட்டுக் கொழந்தையைத் தேடிக்கிட்டு இப்பவா வந்தான்?" என்றார். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பேர் ஜப்பானுடையது என்றாலும் நோய் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜப்பானில் 1924-ம் வருஷம் இது பெரிய கொள்ளைநோயாக வந்து, ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாண்டார்கள். கிருமியை அங்கே 1935-ம் வருஷத்தில் பிரித்தெடுத்தார்கள். அதனால் அந்தப் பேர் நிலைத்தது. இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோயை முதன்முதலாக அடையாளம் கண்டது 1955-ம் வருஷத்தில். கண்ட இடம் வேலூர். வட ஆற்காட்டுப் பிள்ளைகள்தாம் நோயாளிகள். எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலூர் போய்விடலாம்.

தம்பி பிழைத்துக்கொண்டான். பிழைத்துக்கொண்டான் என்ற வார்த்தையை எழுதும்போது என் பேனா கொஞ்சம் நிற்கிறது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. வாயிலிருந்து மூன்று நான்கு சத்தங்கள் வரும். அதில் ஒன்று 'அம்மா' என்று சித்தி சொல்லுவாள். வாய்ப்பாடு போய்விட்டது. என்னைப் பார்த்தால் சிரிப்பான். இன்று நாற்பதைத் தாண்டியவன். இன்றும் என்னைப் பார்த்தால் அதே சிரிப்பு. சித்திதான் சோறு பிசைந்து ஊட்டுகிறாள்.

அந்த நண்டு பிடித்த மாலைகளில் எந்த மாலை என்று நான் வெகு காலம் யோசித்திருக்கிறேன். கொசு கடித்து ஐந்து முதல் பதினைந்து நாளைக்குள் நோய் வெளிப்படும் என்று பிற்பாடு படித்தேன். அந்தப் பத்து நாளில் அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறான், மாட்டுக் கொட்டகையில் விளையாடியிருக்கிறான், கோயில் வாசலில் தூங்கியிருக்கிறான். எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்குப்படி பார்த்தால் என் மேல் குற்றம் சாட்டச் சாட்சியம் போதாது. ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் நீதிபதியும் நாமே, குற்றவாளியும் நாமே. சாட்சியம் போதவில்லை என்று யாரும் விடுதலை செய்துகொள்வதில்லை.

இந்தக் கிருமியின் பிழைப்பு விசித்திரமானது. இதற்கு மனிதன் தேவையே இல்லை. மடையான், கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் உடம்பில் சாதுவாகக் குடியிருக்கும். பன்றியின் உடம்புக்குள் போனால் ஏராளமாகப் பெருகும். பறவைக்கும் பன்றிக்கும் தொந்தரவு அதிகம் இல்லை. வயல் தண்ணீரில் முட்டையிட்டு, அந்தி சாய்ந்த பிறகு கிளம்பும் ஒரு ஜாதிக் கொசு இதைச் சுமந்து திரியும். அந்தக் கொசுவுக்கும் மனித ரத்தத்தின் மேல் பெரிய ஆசை கிடையாது. மாட்டைத்தான் அதிகம் கடிக்கும். மாட்டின் உடம்பில் கிருமி அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. அந்த மட்டில் கொட்டகை மாடு நமக்குக் காவல் என்றுகூடச் சொல்லலாம். மனிதனைக் கடிப்பது தவறிப்போய் நடக்கும் காரியம். நம் உடம்புக்குள் வந்த கிருமிக்கும் வெளியே போக வழி இல்லை. கடிபட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. சுமார் 250 பேருக்கு ஒருவரிடந்தான் அது மூளை வரை போகிறது. அப்படிப் போனால் பத்துப் பேரில் மூன்று பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலர் தம்பியைப் போலத் திரும்புகிறார்கள்.

தடுப்பூசி அப்போதே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது. எலியின் மூளையில் கிருமியை வளர்த்து, அதைக் கொன்று, சுத்தம் செய்து தயாரிப்பார்கள். நம் நாட்டில் கசௌலி மலையில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் அது தயாராயிற்று. ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை குத்த வேண்டும். எத்தனை எலி, எத்தனை மூளை! லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பேரையே ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு 2005-ம் வருஷம் வந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில், கோரக்பூர் வட்டாரத்தில், ஐயாயிரம் பேருக்கு மேல் மூளைக் காய்ச்சல் கண்டு, ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஒரே கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியிருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் பத்திரிகையைச் சித்தியின் கண்ணில் படாமல் நான் எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வருஷமே சர்க்கார் சீனாவிலிருந்து வேறொரு தடுப்பூசியைத் தருவித்தது. நான்கு மாகாணங்களில் பதினொரு ஜில்லாக்களில் தொண்ணூறு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆளுக்கு ஓர் ஊசி போட்டார்கள். அதற்கடுத்து அந்த ஊசி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் என்று நர்ஸம்மா வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் யோசிக்கவே வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். யோசிக்க வைத்தது, நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. "இது பழைய ஊசி மாதிரி செத்த கிருமி இல்லீங்க, உயிருள்ள கிருமி, பலவீனப்படுத்தினது. அதனாலதான் ஒரே ஊசி போதும்."

அம்மா அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா படி இறங்கியதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, உசிரோட இருக்கிற கிருமியா?"

"ஆமாம் அம்மா. ஆனால் அதற்கு நோய் உண்டாக்கும் சக்தி கிடையாது."

"நம்ம புள்ளையப் படுக்க வெச்ச அதே கிருமியா?"

"அதே ஜாதிதான். சாதுவாக்கியது. உன் கையைப் பார். சின்ன வயதில் அம்மை குத்தினார்களே, அதுவும் உயிருள்ள கிருமிதான்."

அம்மாவின் இடது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. 1796-ம் வருஷத்தில் ஜென்னர் என்ற இங்கிலீஷ் வைத்தியர், மாட்டம்மை வந்த பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்த காரியம் அது. கொடிய கிருமிக்குச் சாதுவான ஒரு பங்காளி இருந்தால், சாதுவை உடம்புக்குள் விட்டுக் கொடியதற்குக் கதவடைக்கலாம். 1980-ம் வருஷத்தில் பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துபோயிற்று என்று அறிவித்தார்கள். இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அது மாட்டுக்கு வந்த அம்மை. பொறக்கும்போதே வேற. இது அப்படி இல்லையே. பாம்பைப் புடிச்சுப் பல்லைப் புடுங்கிட்டேன்னு பாம்பாட்டி சொல்றான். பல்லு திரும்ப மொளைக்காதுன்னு அவனுக்கு யார் சொன்னது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாம்புக்குப் பல் திரும்ப முளைக்கும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் வருஷத்து முகாம்களுக்குப் பிறகு சில குழந்தைகள் இறந்ததாகப் பத்திரிகையில் வந்திருந்தது. நிபுணர்கள் கூடி ஆராய்ந்து, ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டையும் நான் படித்திருந்தேன். ஆனால் படித்தது மூளையில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. மகளோ வாசலில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். முடிவு செய்யத் தெரியாதவன் சொல்லும் வார்த்தை அது.

மறுநாள் காலையில் சித்தி வந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான். அம்மா சொன்ன பாம்புக் கதையை முழுதும் கேட்டாள். 

"அக்கா, நீ கேக்கிறது நியாயந்தான். பல்லு மொளைக்குமா மொளைக்காதான்னு எனக்குத் தெரியாது. பல்லோட கடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வர்றியாப்பா?" என்றாள்.

நான் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் பின்னால் போனேன்.

ஊசி போட்டு ஒரு நிமிஷம் அழுதுவிட்டு, சித்தி கொடுத்த கடலை மிட்டாயைத் தின்றபடி மகள் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். நான்காம் நாள் லேசாகச் சுட்டது. என் மனைவியை எழுப்பாமல் விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அவள் இட்டிலி கேட்டாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நேரவில்லை.

ஆனால் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதியில் நின்ற கதையை அவனால் விட முடியாது. டாக்டர் நண்பர்களைக் கேட்டும், புரிந்தும் புரியாமலும் புத்தகங்களைப் புரட்டியும், அந்தக் கேள்விக்குப் பின்னால் பல வருஷம் போயிருக்கிறேன்.

அம்மா இரண்டு விதமாகப் பிரித்தாள் அல்லவா? பிறக்கும்போதே சாது ஒன்று, சாதுவாக்கப்பட்டது ஒன்று. பிறவிச் சாதுவை நம்பலாம், மற்றதை நம்பக் கூடாது என்பது அவள் கட்சி. விஞ்ஞானிகளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலையில், மிட்செல் ஆற்றங்கரையில், 1960-ம் வருஷம் கொசுக்களிலிருந்து ஒரு கிருமியை எடுத்தார்கள். அந்தப் பகுதியில் வாழும் ஆதிகுடிகளின் பேரை வைத்து அதற்குக் குன்ஜின் என்று பேரிட்டார்கள். அது ஜப்பான் காய்ச்சல் கிருமிக்குத் தூரத்துப் பங்காளி. 'மேற்கு நைல்' என்ற இன்னொரு கிருமிக்கு உடன்பிறப்பு. மேற்கு நைல் கிருமியை 1937-ம் வருஷம் ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தில் கண்டார்கள். அதுவும் கொசுவில் ஏறி வந்து மூளையைத் தாக்கும். 1999-ம் வருஷம் அது திடீரென்று நியூயார்க் நகரத்தில் முளைத்தது. காக்கைகள் பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. மனிதர்களிலும் ஏழு பேர் மாண்டார்கள். பிறகு சில வருஷங்களில் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. அண்ணன் இப்படி, தம்பி குன்ஜினோ ஆஸ்திரேலியாவில் லேசான காய்ச்சலோடு ஆளை விட்டுவிடும். மூளையைத் தொடுவது அபூர்வம்.

தம்பியை வைத்து அண்ணனைத் தடுக்கலாமே என்று அங்கே விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது. குன்ஜின் கிருமியின் மரபுச் சரட்டை எடுத்து, அதையும் இன்னும் கொஞ்சம் தளர்த்தி, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நியூயார்க் கிருமியை அதே எலிகளுக்குள் விட்டார்கள். எலிகள் பிழைத்தன. இது 2003-ம் வருஷத்துச் செய்தி. படித்தபோது, அம்மா சொன்னதுதான் சரி, பிறவிச் சாதுவைத் தேடியல்லவா போயிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது.

2011-ம் வருஷத்துச் செய்தி வேறு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் பெருமழையும் வெள்ளமும் வந்து கொசு பெருகிற்று. ஏறக்குறைய ஆயிரம் குதிரைகள் தள்ளாடி விழுந்தன. சோதித்துப் பார்த்தால், பெரும்பாலும் குன்ஜின்! அதே சாதுதான். அதன் உடம்பில் ஒன்றிரண்டு இடத்தில் சிறு மாற்றம் நேர்ந்து முரடாகியிருந்தது. யாரும் அதைத் தூண்டவில்லை. காட்டில், கொசுவுக்கும் பறவைக்கும் நடுவே, தானாகவே பல் முளைத்துவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. அது கொசுவல்ல, உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சல். ருஷ்யாவில் அது கொடிய நோய். மலேயாவில் 1956-ம் வருஷம் உண்ணிகளிலிருந்து எடுத்த லங்காட் என்ற கிருமி அதற்குச் சாதுவான பங்காளி. அதிலிருந்து எடுத்த ஒரு வகையைச் சோவியத் ருஷ்யாவில் ஆறரை லட்சம் பேருக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பலருக்குக் காப்பும் கிடைத்தது. ஆனால் சுமார் 18,500 பேருக்கு ஒருவர் வீதம், ஊசியாலேயே மூளைக் காய்ச்சல் கண்டது. அந்த ஊசியைக் கைவிட்டார்கள்.

ஆகவே பிறவிச் சாது என்பது நற்சாட்சிப் பத்திரம் அல்ல. அது ஓர் ஆரம்பம், அவ்வளவுதான். சாதுவா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் என் மகளுக்குப் போட்ட ஊசி? அதன் கதை 1954-ம் வருஷம் சீனாவில் ஸியான் நகரத்தில் கொசுப் புழுக்களிலிருந்து எடுத்த ஒரு முரட்டுக் கிருமியில் தொடங்குகிறது. அதை ஹாம்ஸ்டர் என்ற சிறு எலி ஜாதியின் சிறுநீரக அணுக்களில் வளர்த்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்ததை எடுத்து அடுத்த தட்டு, அதிலிருந்து அடுத்தது, இப்படி நூறு தடவைக்கு மேல். சிறுநீரகத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த கிருமி, மூளைக்குப் போகும் வழியை மெல்ல மறந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. அந்த விஞ்ஞானிகளும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். பல் முளைக்குமா? கிடைத்த வகைகளை எலிக் குட்டியின் மூளைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்கள். ஒரு வகை பழைய வேகத்தைத் திரும்பப் பெற்றது, தள்ளிவிட்டார்கள். இன்னொன்று ஒரேயடியாகச் சாதுவாகிவிட்டது. ஊசி போட்டால் உடம்பு அதை லட்சியமே செய்யவில்லை. எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை. அதையும் தள்ளினார்கள். முரடாகவும் மாறாமல், மிகவும் தளர்ந்தும் போகாமல் நின்ற ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று. அதன் உடம்பில் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் மாற்றம் இருக்கிறது. ஒன்று பழையபடி திரும்பினாலும் மற்றவை காவல் நிற்கும். ஒரு பல்லை மட்டும் பிடுங்கவில்லை. முளைக்கிற இடங்களையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1988-ம் வருஷத்தில் சீனாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதோடும் விடவில்லை. 26,000 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்கு ஊசி போட்டு, பாதிப் பேருக்குப் போடாமல், ஒரு மாதம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களில் ஒரு குழந்தைக்கும் மூளைக் காய்ச்சல் வரவில்லை. இது 1997-ம் வருஷம் பிரசுரமாயிற்று. 1999-ம் வருஷம் நேபாளத்தில் ஒரே ஊசி போட்டு, நோய் வரும் பருவத்தில் கணக்குப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காப்பு. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. உலக சுகாதார ஸ்தாபனம் 2013-ம் வருஷத்தில் தன் ஒப்புதலைக் கொடுத்தது.

ஊசி வந்ததும் மூளைக் காய்ச்சல் என்ற பேரே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூளையைத் தாக்கும் கிருமிகள் வேறு பல உண்டு. கோரக்பூர்ப் பக்கத்திலேயே, பிற்பாடு வந்த காய்ச்சல்களில் பலவற்றுக்குச் சிறு பூச்சி கடித்து வரும் வேறொரு ஜுரம் காரணம் என்று தெரிந்தது. கொசுவலையும், வயலில் தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவதும், பன்றிப் பட்டியை ஊருக்குத் தள்ளி வைப்பதும் இன்னும் வேண்டியவைதாம். ஆனால் என் தம்பியைச் சாய்த்த அந்த ஒரு கிருமிக்கு இன்று ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. 1991-ம் வருஷத்தில் எங்கள் ஊரில் அது இல்லை. அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

இவ்வளவையும் ஒரு நாள் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்திரேலியாக் குதிரைகளின் கதையைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ நான் அன்னிக்குக் கேட்டது தப்பில்லையே?" என்றாள்.

"தப்பில்லை அம்மா. நீ கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான்தான் பதில் தெரியாமல் ஜென்னர் கதை சொன்னேன்."

"அவங்க எண்ணிப் பாத்தாங்க. நீ பேசிப் பாத்தே" என்றாள் அம்மா.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தலைப்பிள்ளை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தாள். "ஒம்பது மாசம் முடிஞ்சதும் ஒண்ணு போடுவாங்க. ஒண்ணரை வயசுக்கு இன்னொண்ணு. மறந்துடாதே. அட்டையை பத்திரமா வெச்சுக்கோ."

"உசிருள்ள கிருமின்னு சொல்றாங்களே பாட்டி, பயமா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு" என்றாள் அம்மா. அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையின் மறுகோடியில் சித்தி தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "எந்தக் கெழமையில போடுறாங்க?" என்று கேட்டாள்.